செருப்புத் தைப்பவர் மகன் செய்த அதிசயப் பிசின்

சங்கரன்கோவிலைப் போலவே தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர், பெல்ஜியம் நாட்டின் கெண்ட். அங்கே 1863-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி லியோ பேக்லேண்ட் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைப்பவர். தாயார் வீட்டு வேலை செய்தவர். மகனும் செருப்புத் தைக்கட்டும் என்றார் தகப்பனார். தாயார் விடவில்லை. படிக்க வைத்தார். 21 வயது நிறையும் முன்பே மகன் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டார்!

பேராசிரியர் மகள் செலினை மணந்து, 1889-ல் அமெரிக்கா போனார். அங்கே அவர் செய்த போட்டோ காகிதத்தை 1899-ல் கோடாக் அதிபர் ஈஸ்ட்மன் பெருந்தொகை கொடுத்து வாங்கினார். இனி உட்கார்ந்து சாப்பிடலாம். அவரோ வீட்டிலேயே ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார்.

அரக்குக்கு மாற்று

அந்நாளில் மின்சாரச் சாமான்களில் மின்சாரம் கசியாமல் தடுக்க அரக்கு பூசுவார்கள். அது நம் இந்தியாவிலிருந்து போனது. சிறு பூச்சிகள் மரத்தில் உண்டாக்குவதல்லவா? தேவைக்குப் போதவில்லை.

பீனால், பார்மால்டிஹைடு என்ற இரு பொருள்களைச் சேர்த்தால் கெட்டிப் பிசின் வரும் என்பது 1872-லேயே தெரியும். ஆனால் அது பாலைப் போல் பொங்கும்; ஆப்பத்தைப் போல் ஓட்டை விழும். பேக்லேண்ட் அதை மூடிய இரும்புப் பாத்திரத்தில் அழுத்தத்தோடு காய்ச்சினார். பொங்கல் அடங்கியது. கல் போன்ற பொருள் கிடைத்தது. 1907-ல் காப்புரிமைக்கு மனுச் செய்தார். அதுதான் பேக்லைட்.

துணி தந்த பலம்

தனிப் பிசின் கீழே விழுந்தால் உடையும். ஆகவே மரத்தூள் கலந்தார். வைக்கோல் சேர்த்த மண் சுவர் எளிதில் வெடிக்காதே, அதே வித்தைதான். வீட்டுக் குக்கரின் கறுப்புக் கைப்பிடி இந்த இனம். ஒரு முறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது.

பின்னால் வந்தவர்கள் பருத்தித் துணியை இந்தப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக வைத்துச் சூட்டில் அழுத்தினார்கள். அந்தப் பலகையில் பல் சக்கரம் வெட்டினார்கள். இரும்புச் சக்கரம் போடும் இரைச்சல் அதில் இல்லை!

பலத்தை எப்படிச் சோதிப்பது? ஒரு துண்டை அறும்வரை இழுப்பார்கள். இன்னொன்றை இரு முனையில் தாங்கி, நடுவில் அழுத்தி வளைப்பார்கள். ஊஞ்சல்போல் ஆடும் சுத்தியலால் மற்றொன்றை உடைப்பார்கள். உடைத்தபின் சுத்தியல் எவ்வளவு குறைவாக மேலே போகிறதோ, துண்டு அவ்வளவு உறுதி. பாவு வாக்கில் ஒரு பலம், ஊடை வாக்கில் வேறு பலம் இருக்கலாம். அதனால் இரண்டு வாக்கிலும் துண்டு வெட்டிச் சோதிப்பார்கள். நெசவாளிக்கு இதை நாம் சொல்லவேண்டியதில்லை.

1939-ல் கம்பெனியை விற்றார் பேக்லேண்ட். கோடீசுவரர், ஆனால் முதுமையில் தகர டப்பாவிலிருந்தே சாப்பிடுவாராம். 1944 பிப்ரவரி 23-ல், 80-வது வயதில் காலமானார்.