வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுதேசிக் கப்பற் கம்பனியும்

வாணிகம் தொடங்குவோர் பலர். அதில் நிலைபெறுவோர் சிலர். தொடங்கியவனது ஊக்கம் ஒன்றே போதுமாயின், வீழ்ந்துபோன நிறுவனங்கள் பல இன்றும் நிலைத்திருக்கும். ஊக்கத்தின்மேலும் வேண்டப்படுவன யாவை என்பதை, தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்குமிடையே கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்களின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்திலே, உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றினார். தந்தையாரைப் போலவே தாமும் வழக்கறிஞராகி, 1900ஆம் ஆண்டளவில் தூத்துக்குடியிற் குடியேறினார். சட்டமே அவருக்குச் சோறிட்டது. எனினும், அவர் உள்ளம் நாட்டின் கைத்தொழிலிலும் வாணிகத்திலுமே தோய்ந்திருந்தது. நெசவுச்சாலையும் சுதேசிப் பண்டசாலையும் தோன்றப் பாடுபட்டார்.

அக்காலத்தில் தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பனியின் கையில் இருந்தது. வணிகரும் பிரயாணிகளும் அக்கம்பனி குறித்த கட்டணத்தையே செலுத்தவேண்டியவராயினர். இக்குறையை உணர்ந்த பிள்ளையவர்கள், 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் சுதேசிக் கப்பற் கம்பனியைப் பதிவு செய்வித்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. அது 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் 2 இலட்சம் ரூபாவுக்குப் பங்கெடுத்தார். பங்கின் விலை சிறிதாயிருந்தமையாற் சாதாரண மக்களும் பங்காளராயினர். செல்வர் சிலரின் பெருந்தொகையும் எளியோர் பலரின் சிறுதொகையும் ஒருங்கு சேர்ந்ததே கம்பனியின் முதற் பலம். பங்கு கொண்டவன் தன் கப்பலிலேயே ஏறவும் விரும்புவானன்றோ!

ஆயினும், முதலிற் கம்பனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா கம்பனியிடம் வாடகைக்குப் பெற்ற கப்பல்களே ஓடின. எதிர்க் கம்பனியார் வற்புறுத்தவே, ஷா கம்பனியார் அவற்றை மீட்டுக்கொண்டனர். பிள்ளையவர்கள் மனந்தளராது, இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சேவை அறாதபடி காத்தார். தொழிலின் உயிர்நிலையான கருவி பிறர் கையிலிருப்பின் அத்தொழிலும் பிறர் கையதே என்பதை அவர் நன்குணர்ந்தார். கப்பலுடனன்றித் திரும்புவதில்லையெனச் சூளுரைத்துப் பம்பாய்க்குச் சென்றார். அங்கு மேலும் பொருள் திரட்டப்பட்டது. 1907ஆம் ஆண்டிற் "காலியா", "லாவோ" என்னும் இரு கப்பல்கள் கம்பனிக்கு உரியனவாயின. காலியா 1,300க்கு மேற்பட்ட பிரயாணிகளையும் 4,000 மூடைச் சரக்கையும் ஏற்றவல்லது.

இதன்பின் கட்டணப் போர் மூண்டது. எதிர்க் கம்பனியார் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்தனர். ஈற்றிற் பிரயாணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் பரிசளிக்க முற்பட்டனர் என்பர். பழைய கம்பனிக்கு நட்டத்தைத் தாங்கப் பிற கடல்வழிகளின் இலாபம் இருந்தது. புதிய கம்பனிக்கோ இவ்வொரு வழியே கதி. மக்களின் நாட்டுப்பற்றே அதனைச் சிலகாலம் தாங்கிற்று.

1908ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆந் திகதி பிள்ளையவர்கள் கைது செய்யப்பட்டார். தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றமையும் அவரது அரசியற் சொற்பொழிவுகளும் ஆட்சியாளரின் சினத்தை மூட்டியிருந்தன. இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டின்பின் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். அவர் சிறையிலிருக்க, கம்பனி தளர்ந்து 1911ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. அவரது இடத்தில் நின்று நடத்த வல்லார் எவரும் பயிற்றப்பட்டிருக்கவில்லை.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையானபோது அவரை வரவேற்ற கூட்டம் மிகச் சிறிது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தமையால் வறுமையில் உழன்றார். பின்னர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவ்வுரிமையை மீட்டுக்கொடுத்தார். அந்நன்றியை மறவாது தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். துன்பத்திடையேயும் தமிழை மறந்தாரல்லர். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்துதவினார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி தூத்துக்குடியில் உயிர் நீத்தார். அந்நகரின் பெருந்துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாறு தரும் பாடங்கள் தெளிவானவை. மக்களுக்கு மெய்யாக வேண்டுவதொன்றைத் தேர்ந்து தொடங்குதல், முதலைப் பலரிடமிருந்து திரட்டுதல், கருவியைத் தனதாக்குதல் ஆகிய மூன்றையும் பிள்ளையவர்கள் செய்தார். நெடிய போட்டியைத் தாங்கும் சேமநிதியும், தலைவன் இல்லாதபோது பொறுப்பேற்கும் இரண்டாம் வரிசையும் கம்பனிக்கு வாய்த்தில. இவ்விரண்டையும் தொடங்குவோன் தனியே உண்டாக்கிக்கொள்ளுதல் அரிது. சுற்றி நிற்போர் உதவவேண்டும்.

மாணவர்களே! நாளை உங்களுட் சிலர் தொழில் தொடங்குவீர். தொடங்கும் அன்றே உமக்குப்பின் அதனை நடத்துவோனையும் பயிற்றத் தொடங்குவீராக. பழைய மாணவர்களே! உங்களூரில் ஓர் இளைஞன் சிறு கடையோ பட்டறையோ திறப்பானாயின், மாலை சூட்டி வாழ்த்துவதோடு அமையாதீர். அவனிடம் பொருள் வாங்குவீர். விலையை உரிய நாளிற் கொடுப்பீர். அடுத்த கடையில் ஒருநாள் சில சதம் குறைந்ததென்று அவனைக் கைவிடாதீர். இலவசக் குடைக்கு மயங்காதிருத்தலே சிதம்பரனாருக்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடன்.