ஹாரி மார்ஷல் வார்டு

ஹாரி மார்ஷல் வார்டு (மார்ச் 21, 1854 – ஆகஸ்ட் 26, 1906) இங்கிலாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆவார். காப்பிச் செடியின் இலைத்துரு நோயை உண்டாக்கும் பூசணத்தை இலங்கையில் ஆராய்ந்து, அது இலைக்குள் புகும் வழியை விளக்கினார். தாவர நோயியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

வார்டு ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். இலண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றபின், கேம்பிரிட்ஜில் 1879ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1888இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1895 முதல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். தாவரத் தேடலாய்வாளர் பிராங்க் கிங்டன்-வார்டு இவருடைய மகன் ஆவார்.

இலங்கை ஆய்வு

இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் உழைத்த காப்பித் தோட்டங்களை அழித்து வந்தது. வானிலையும் மண்வளக் குறைவுமே காரணம் எனத் தோட்ட உரிமையாளர் பலர் எண்ணினர். 1880 முதல் 1882 வரை அங்கு அரசுப் பூசணவியலாளராக இருந்த வார்டு, நோய் வெளியிலிருந்தே வருகிறது என்பதை நிறுவினார். தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்து, பூசணவித்துகள் காற்றில் பரவுவதைக் காட்டினார். இலையின் மேல் நீர்த்துளியில் வித்துகளை இட்டு நோயை உண்டாக்கினார்.

நீர்த்துளியில் முளைக்கும் வித்து, இலையின் அடிப்புறத் துளை வழியாக நுழைகிறது. பூசண இழைகள் உயிரணுக்களுக்கு இடையே படர்ந்து, உறிஞ்சு உறுப்புகளால் உணவைக் கவர்கின்றன. சில வாரங்களில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் புதிய வித்துகள் வெளிப்படுகின்றன. உள்ளே புகுந்த பூசணத்தை அக்கால மருந்துகள் எட்டவில்லை. எனவே முளைக்கும் முன்பே தடுக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவு. ஒரே பயிரை இடைவெளியின்றிப் பயிரிட்டதும் நோய் பரவ உதவியது. ஆயினும் காப்பித் தொழிலைக் காக்க இயலவில்லை. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

எதிர்ப்பாற்றல் ஆய்வு

பின்னாளில் வார்டு புரோமஸ் புல்லின் துருநோயை ஆராய்ந்தார். நோயை எதிர்க்கும் புல்லில், தாக்கப்பட்ட உயிரணுக்கள் விரைந்து மடிய, பூசணமும் உணவின்றி அழிவதை 1902இல் விவரித்தார். துருப்பூசணங்கள் உறிஞ்சு உறுப்புகள் வழியே புரதங்களைச் செலுத்தி இத்தகைய தற்காப்பை அடக்குகின்றன என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. அப்புரதங்கள் மாறும்போது, முன்பு எதிர்த்து நின்ற செடிவகைகளும் நோய்க்கு உள்ளாகின்றன.

தமிழகத்தில் தொடர்பு

இலைத்துரு நோய் தென்னிந்தியாவிலும் பரவியது. சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சூழ்ந்த தோட்டங்களில் வளரும் அராபிகா காப்பி இந்நோய்க்கு எளிதில் இலக்காகும். பருவமழைக்கு முன்பே இலைகளின் அடிப்புறம் நனையப் போர்டோ கலவை தெளிக்கும் முறை, வார்டு கண்டறிந்த உண்மையோடு பொருந்துவதாகும்.