எச்சரித்தவர் மீது விழுந்த பழி

தோல்வியடைந்த திட்டங்களை ஆராயும்போது, யார் திட்டமிட்டார், யார் நிறைவேற்றினார் என்ற இரண்டு கேள்விகளையே நாம் வழக்கமாகக் கேட்கிறோம். மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. இது நடவாது என்று முன்கூட்டியே சொன்னவர் என்ன ஆனார்? போலந்து நாட்டுத் தளபதி ஸ்டானிஸ்லாவ் சொசபோவ்ஸ்கியின் வாழ்க்கை அதற்கான விடையைத் தருகிறது.

'காந்தி' திரைப்படத்தின் வழியாக நாம் அறிந்த ரிச்சர்ட் அட்டன்பரோ, அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1977-இல் 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' என்ற பிரம்மாண்டமான போர்ப்படத்தை இயக்கினார். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் நடந்து தோல்வியில் முடிந்த வான்வழிப் படையெடுப்பே அதன் கதை. நட்சத்திரங்கள் நிறைந்த அந்தப் படத்தில் ஜீன் ஹேக்மன் ஏற்ற சொசபோவ்ஸ்கியின் வேடம் சில காட்சிகளிலேயே வருகிறது. ஆயினும் என் மனத்தில் நிலைத்தவர் அவர்தான்.

அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த ஸ்டானிஸ்லாவோவ் நகரில் 1892 மே 8 அன்று எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். பொருளாதாரம் படிக்க க்ராக்கோ நகருக்குச் சென்றவர், குடும்ப வறுமையால் படிப்பைக் கைவிட்டார். முதல் உலகப் போரில் காயமுற்றார். 1939-இல் ஹிட்லரின் படைகளுக்கு எதிராக வார்சா நகரைக் காத்து நின்ற படைப்பிரிவுகளுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். நகரம் வீழ்ந்தபின் சிறைப்பிடிப்பிலிருந்து தப்பி, பிரான்ஸ் வழியாக 1940-இல் பிரிட்டனை அடைந்தார்.

அங்கே அவர் ஒரு போலந்துப் பாராசூட் படையணியை உருவாக்கினார். வார்சா மக்கள் கிளர்ந்தெழும் நாளில் அங்கே குதித்து அவர்களுக்குத் துணை நிற்பதே அதன் நோக்கம். 1944 ஆகஸ்ட்டில் அந்த எழுச்சி வெடித்தது. அதற்குள் படையணி பிரிட்டிஷ் தலைமையின்கீழ் வந்துவிட்டது. சொந்தத் தலைநகரம் எரிந்துகொண்டிருக்க, வீரர்கள் இங்கிலாந்தில் காத்திருந்தனர். எழுச்சியில் பங்கேற்ற சொசபோவ்ஸ்கியின் மகன் கண்பார்வையை இழந்தார்.

இந்நிலையில்தான் மாண்ட்கோமரியின் திட்டம் வந்தது. வானிலிருந்து இறங்கும் படைகள் பாலங்களைக் கைப்பற்ற வேண்டும். தரைப்படை ஒரே சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் முன்னேறி, ரைன் நதிமீதுள்ள ஆர்னெம் பாலத்தை அடைய வேண்டும். இதற்கு முந்தைய வடிவத்தையே கடுமையாக எதிர்த்து, எழுத்துமூலமான உத்தரவு கேட்டவர் சொசபோவ்ஸ்கி. புதிய திட்டத்திலும் எதிரியின் வலிமை குறைத்து மதிப்பிடப்பட்டதாக அவர் கருதினார். ஆர்னெம் அருகே இரண்டு ஜெர்மானிய டாங்கிப் படைப்பிரிவுகள் இருந்தன. பிரிட்டிஷ் வீரர்களோ பாலத்திலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் இறக்கப்பட்டனர். புணேயில் பிறந்த ஜான் ஃப்ராஸ்டின் தலைமையில் சுமார் 740 பேர் மட்டுமே பாலத்தை அடைந்து, தரைப்படை வந்துசேரும் முன்பே வீழ்ந்தனர்.

மூடுபனியால் தாமதமாகி, செப்டம்பர் 21 அன்று போலந்து வீரர்கள் டிரியல் கிராமத்தில் குதித்தனர். எதிர்க்கரைக்குச் செல்லப் போதிய படகுகள் இல்லை. செப்டம்பர் 24 அன்று நடந்த ஆலோசனையில், சிறு படையை அனுப்புவது வீண் பலி என்று சொசபோவ்ஸ்கி வாதாடினார். ஏற்கப்படவில்லை. அன்றிரவு ஆற்றைக் கடந்த 300-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். மறுநாள் இரவு பின்வாங்கல் தொடங்கியது. ஆர்னெமுக்குச் சென்ற சுமார் 10,000 பேரில் ஏறத்தாழ 2,400 பேரே மீண்டனர்.

அதன்பின் கணக்குப் பார்க்கும் நேரம் வந்தது. போலந்து வீரர்கள் சரிவரப் போரிடவில்லை என்று மாண்ட்கோமரி மேலிடத்துக்கு எழுதினார். சொசபோவ்ஸ்கியை மாற்றவேண்டும் என்று வான்படைத் தளபதி பிரௌனிங் கோரினார். டிசம்பரில் பதவி பறிபோனது. போருக்குப்பின் லண்டன் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளியாக வேலை பார்த்து, 1967 செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்தார். நெதர்லாந்து அரசு 2006-இல்தான் அவருக்கும் படையணிக்கும் வீரவிருதுகள் வழங்கியது.

இது தொலைதூரக் கதை அன்று. 1987 அக்டோபரில், எதிர்த்தரப்பு விழிப்புடன் காத்திருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படை வீரர்கள் 30 பேரில் 29 பேர் மடிந்தனர். வானிலிருந்து இறங்குபவருக்குத் தரையில் இருப்பதைப் பற்றிய தகவல் பிழைத்தால், திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை.

பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதில் ஒரு கணக்கைக் காண்கிறேன். மறுப்புச் சொல்வதன் விலையை ஒருவரே தனியாகச் செலுத்துகிறார்; மௌனத்தின் விலையோ, முடிவெடுத்த கூட்டத்திலேயே இல்லாத ஆயிரம் பேரின் தலையில் விழுகிறது. ஆகவே அறிவுள்ளோரும் மௌனத்தையே தேர்கின்றனர். எங்கள் திட்டக்குடி போன்ற சிறுநகரின் சங்கக் கூட்டம் முதல் தலைநகரின் திட்ட அலுவலகம் வரை இந்தக் கணக்கு மாறுவதில்லை.

இதை மாற்ற எளிய வழி உண்டு. ஒவ்வொரு பெருந்திட்டத்தின் கோப்பிலும் மறுப்புக் கருத்துகளும் பதிவாக வேண்டும். தோல்வி நேர்ந்தால் முதலில் அந்தப் பக்கத்தையே புரட்ட வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் எச்சரித்தவரே குற்றவாளி ஆவார். சொசபோவ்ஸ்கிக்கு நீதி கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அப்போது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.