கால்வாயின் இரு கரைகள்

பாங்காக் நகரின் தேசிய விளையாட்டரங்கத்துக்கு எதிரே உள்ள குறுகிய சந்து ஒன்றின் முடிவில், சைன் சேப் கால்வாயின் கரையில், மரங்களுக்கிடையே ஒரு தேக்கு வீடு நிற்கிறது. ஒரு பயணத்தின்போது அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று அங்கே நுழைந்த நான், பிற்பகல் முழுவதையும் அங்கேயே கழித்தேன். அதைக் கட்டிய மனிதரைப் பற்றிய எண்ணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

அவர் பெயர் ஜிம் தாம்சன். 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். கட்டடக் கலைஞராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுப் பிரிவில் சேர்ந்த அவர், போர் முடிந்த தருணத்தில் 1945-இல் பாங்காக்கில் வந்திறங்கினார். அந்த நகரமே பின்னர் அவருடைய ஊராகியது.

அப்போது தாய்லாந்தின் கைத்தறிப் பட்டு அழிவின் விளிம்பில் இருந்தது. ஆலைத் துணியின் மலிவுக்கு முன் அது நிற்க முடியவில்லை. கால்வாயின் எதிர்க்கரையில் உள்ள பான் க்ருவா குடியிருப்பில், சாம் இன முஸ்லிம் குடும்பங்கள் சில மட்டும் தறியை விடாமல் வைத்திருந்தன. அவர்களது துணியின் மாதிரிகளை நியூயார்க்குக்கு எடுத்துச் சென்று காட்டினார் தாம்சன். சாயம் போகாத புதிய வண்ணங்களை அறிமுகப்படுத்தினார். நிறுவனம் தொடங்கிய பிறகும், தொடக்க காலத்தில் நெசவாளர்களை ஆலைக்குள் அடைக்காமல், அவரவர் வீட்டிலேயே நெய்ய வைத்தார். 1951-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'தி கிங் அண்ட் ஐ' இசை நாடகத்தின் ஆடைகளில் அந்தப் பட்டு மின்னியபோது, உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

அவர் தமக்கென எழுப்பிய வீடு 1959-இல் நிறைவடைந்தது. அது ஒரு வீடன்று; ஆறு பழைய வீடுகளின் சேர்க்கை. சில அயுத்தயா பகுதியிலிருந்து ஆற்று வழியே வந்தவை. பெரிய கூடமோ எதிர்க்கரை பான் க்ருவாவிலிருந்தே வந்தது. தாய்லாந்தின் மரபு வீட்டை இவ்வாறு பெயர்த்து எடுத்துவர முடியும். அதன் சுவர்கள் ஆணி அடிக்காமல் பலகைச் சட்டங்களாகப் பொருத்தப்படுபவை. கழற்றி, வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம். வெள்ளத்துக்கு அஞ்சி உயர்ந்த தூண்களின்மேல் நிற்கும். சுவர்கள் மேலே செல்லச் செல்ல உட்புறம் சாய்ந்திருக்கும். கூரை செங்குத்தாக இறங்கும். மரபைப் பெரிதும் பின்பற்றிய தாம்சன், ஓரிடத்தில் தம் விருப்பத்தைச் செலுத்தினார்: கூடத்தின் சுவர்களைத் திருப்பி வைத்து, வெளிப்புறச் செதுக்கு வேலைப்பாடுகள் உள்ளே தெரியுமாறு செய்தார்.

அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு நாட்டின் கலைச்செல்வத்தைத் திரட்டி வைக்கும் அந்நியர் அதன் காவலரா, அல்லது அதை எடுத்துக்கொண்டவரா? இந்தக் கேள்வி அவர் வாழ்நாளிலேயே எழுந்தது. 1962-இல், அவர் சேகரித்திருந்த சுண்ணாம்புக்கல் புத்தர் தலைகளை அரசின் நுண்கலைத் துறை கைப்பற்றியது. அவை பழைமையான குகைக் கோயில் ஒன்றிலிருந்து பெயர்க்கப்பட்டவை. தாம்சன் மனமுடைந்தார், வீட்டையும் சேகரிப்பையும் தாய்லாந்துக்கு விட்டுச்செல்வதாக எழுதியிருந்த உயிலையும் மாற்றினார். அவரது வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால், குகையிலிருந்து உடைத்தெடுத்த சிலை எத்தனை அன்போடு பேணப்பட்டாலும் அது தன் இடத்தை இழந்த சிலைதான். அந்த வழக்கில் நான் அரசின் பக்கமே நிற்கிறேன்.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மலேசியாவின் கேமரன் மலையில் நண்பர்களோடு தங்கியிருந்த அவர், பிற்பகலில் தனியே நடந்து சென்றார், திரும்பவில்லை. காவல்துறையினரும் ராணுவத்தினரும் பழங்குடியினரும் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 61. அவர் மறைந்த விதம் குறித்து எண்ணற்ற ஊகங்கள் உலவுகின்றன. அவர் வாழ்ந்த விதமே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வீடு இறுதியில் தாய்லாந்திலேயே நிலைத்தது. அவர் பெயரிலான அறக்கட்டளை அதை அருங்காட்சியகமாக நடத்துகிறது. மாலையில் நான் எதிர்க்கரைக்குச் சென்றேன். அங்கே தறி ஓசை கேட்கும் வீடுகள் மிகச் சில. அதே பான் க்ருவா மக்கள், தங்கள் குடியிருப்பின் வழியே வரவிருந்த விரைவுச் சாலையை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடி ஊரைக் காத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு கரையில் பேணப்பட்ட வீடு. மறுகரையில் மெலிந்துவரும் தறி. தாம்சன் இரண்டையும் நேசித்தார். வீட்டைக் காக்கச் செல்வமும் ரசனையும் போதும். தறியைக் காக்க, நெய்பவரின் பிள்ளையும் அதில் வாழ வழி வேண்டும். மரபைப் போற்றுகிறோம் என்று சொல்லும் எவரும், அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்ததும் கால்வாயைக் கடந்து ஒருமுறை மறுகரைக்கும் சென்றுவர வேண்டும்.