வண்ணமா, கோடா? – ஓவிய மேதை நந்தலால் போஸ்

நம் வீட்டு வாசலில் தினமும் காலையில் போடும் கோலத்தில் வண்ணம் கிடையாது. வெறும் மாவுதான். மார்கழியிலும் பொங்கலிலும் கலர்ப்பொடி தூவிப் பெரிதாகப் போடுகிறோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கோலத்தில் கைதேர்ந்த மாமிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். கலர்ப்பொடி கோணல் இழையையும் மறைத்துவிடும். வெள்ளை மாவில் போடும்போதுதான் கையின் பழக்கம் வெளியே வரும்.

புத்தகங்களில் வரும் படங்களுக்கும் இது பொருந்தும். பேரக்குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கப் போனால், வழவழப்பான காகிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம் உள்ளதைத்தான் நம் கை முதலில் எடுக்கிறது. கறுப்புக் கோட்டில் வரைந்த படம் என்றால், ஏதோ சிக்கனத்துக்காகச் செய்தது போல ஓர் எண்ணம். இது சரிதானா? இரண்டு விதமாகவும் வாழ்நாள் முழுவதும் வரைந்த ஒரு பெரியவரின் சரித்திரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர்தான் நந்தலால் போஸ்.

இளமை

1882-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி, பீகாரில் முங்கேர் ஜில்லாவைச் சேர்ந்த கரக்பூரில் ஒரு வங்காளக் குடும்பத்தில் நந்தலால் பிறந்தார். தகப்பனார் பூர்ணசந்திர போஸ், தர்பங்கா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் க்ஷேத்ரமணி தேவி கைவேலையில் கெட்டிக்காரர்; குழந்தைகளுக்குப் பொம்மை செய்து கொடுப்பார். அந்தத் தாயாரை நந்தலால் சிறு வயதிலேயே இழந்துவிட்டார். ஊரில் குயவர்களும் பொம்மை செய்பவர்களும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், களிமண்ணில் தானும் துர்க்கை உருவம் செய்து பார்ப்பதும்தான் அவருக்குப் பிடித்த காரியம்.

பதினைந்து வயதில் படிப்புக்காகக் கல்கத்தா வந்தார். படிப்பு ஏறவில்லை. கல்லூரிப் பரீட்சைகளில் தேறவில்லை. வர்த்தகப் படிப்பில் சேர்த்தும் பார்த்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. 1903-ல் சுதீரா தேவியுடன் விவாகமும் ஆகிவிட்டது. குடும்பஸ்தனான பையன் படம் போடப் போகிறேன் என்றால் எந்த வீட்டில்தான் சம்மதிப்பார்கள்? எப்படியோ பெரியவர்களைச் சம்மதிக்கச் செய்து, 1905-ல் கல்கத்தா அரசுக் கலைப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரிடம் மாணவராகச் சேர்ந்தார். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் மகன் முறையாக வேண்டும் அவனீந்திரநாத்.

வண்ணத்தின் காலம்

அப்போது நாடெங்கும் ரவிவர்மாவின் படங்கள் பரவிக்கொண்டிருந்தன. 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து லக்ஷ்மியும் சரஸ்வதியும் பளிச்சென்ற வண்ணங்களில் அச்சாகி வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். நம் பூஜை அறைகளிலும் அவர்கள்தானே இருந்தார்கள்!

அவனீந்திரநாத்தின் வழி வேறு. ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து அறிந்த ஒரு முறையை அவர் கையாண்டார். காகிதத்தில் வண்ணம் தீட்டி, அதை நீரில் நனைத்து, உலரவிட்டு, மறுபடி தீட்டுவார்கள். இப்படிப் பல தடவை செய்யும்போது வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து, விடியற்காலைப் பனி போலப் படிந்துவிடும். கோடும் அந்தப் பனியில் பாதி மறைந்துவிடும். நந்தலால் இந்த முறையில் விரைவில் தேர்ந்தார். சிவன், சதி முதலிய புராண விஷயங்களை வரைந்தார். கீழைக்கலைச் சங்கத்தின் ஆரம்பகாலக் கண்காட்சி ஒன்றில் அவருக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அவர் அதைக்கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்.

1913-ல் லண்டனில் வெளிவந்த ஒரு புராணக்கதைப் புத்தகத்தில் அவருடைய வண்ணப் படங்கள் இடம்பெற்றன. சகோதரி நிவேதிதை எழுதத் தொடங்கி, 1911-ல் அவர் காலமானதும் ஆனந்த குமாரசாமி பூர்த்தி செய்த நூல் அது. குமாரசாமி, இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் புதல்வர். நம்மவரான கர்நாடகத்து வெங்கடப்பாவும் அதில் படம் வரைந்தார். மொத்தம் 32 வண்ணப் படங்கள்.

ஆனால் இத்தகைய படங்கள் எத்தனை பேர் கையை எட்டும்? ஒரு வண்ணப் படத்தை அச்சிட, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி பிளாக் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் அச்சடிக்க வேண்டும். நல்ல காகிதம் வேண்டும். செலவு ஏறிவிடும். கோட்டுப் படத்துக்கோ ஒரு பிளாக் போதும். எழுத்து அச்சாகும் அதே காகிதத்தில், அதே மையில், எழுத்தோடு சேர்த்தே அச்சாகிவிடும். இந்த வித்தியாசம்தான் பிற்பாடு நந்தலாலின் வேலையில் பெரிய இடம் பெற்றது.

அஜந்தா கற்றுக்கொடுத்த பாடம்

1909-ம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஹெர்ரிங்ஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி அஜந்தா குகை ஓவியங்களைப் பிரதி எடுக்க வந்தார். நிவேதிதையின் முயற்சியால் நந்தலாலும் அசித் குமார் ஹல்தாரும் வெங்கடப்பாவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சுவரருகே நின்று ஒவ்வொரு உருவத்தையும் அளந்து வரைந்தபோது நந்தலாலுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அஜந்தா ஓவியர்கள் முதலில் செங்காவியில் உருவத்தைக் கோடாக எழுதினார்கள். பிறகு வண்ணம் பூசினார்கள். கடைசியில் மறுபடியும் கோட்டால் உருவத்தை உறுதிசெய்தார்கள். ஆக, கோட்டில் தொடங்கிக் கோட்டில் முடிகிறது வேலை. வண்ணம் உதிர்ந்து போன இடங்களிலும், கோடு மிஞ்சியிருந்தால் அந்தக் கையின் வளைவும் கண்ணின் சாய்வும் அப்படியே நிற்கின்றன. பனிபோன்ற வண்ணத்தில் கரைந்திருந்த அவருடைய கோடு, இதற்குப் பிறகு மெள்ள மெள்ளத் தெளிந்து வெளியே வந்தது.

சாந்திநிகேதனம்

ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பின்பேரில் சாந்திநிகேதனம் சென்ற நந்தலால், அங்கே கலாபவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1951-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். விழா நாட்களில் தரையில் மாவால் போடும் அல்பனா அங்கே பாடமாகவே சொல்லித்தரப்பட்டது. நம் கோலத்துக்குச் சகோதரி முறை என்று அதைச் சொல்லலாம். அவருடைய மகள் கௌரி பஞ்ஜா அல்பனாவில் பெயர் பெற்றவர். வீட்டுப் பெண்களின் கைவேலையைப் பெரிய கலைக்குச் சமமாக நிறுத்தியது நந்தலாலின் சிறப்பு.

1924-ல் தாகூருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய்வந்தார். ஒரே கறுப்பு மையைக் கெட்டியாகவும் நீர்க்கவும் தொட்டு, மலையையும் மூங்கிலையும் மழையையும் எழுதிவிடும் வித்தையை அங்கே நேரில் கண்டார்.

1930-ம் வருஷம் அவர் வாழ்க்கையில் முக்கியமானது. அந்த ஆண்டில்தான் தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய வங்காளி முதல் பாடப்புத்தகமான சஹஜ பாட் வெளிவந்தது. படங்கள் நந்தலாலுடையவை. லினோலியம் என்னும் தரைவிரிப்புத் துண்டை உளியால் செதுக்கி, மை தடவி அச்செடுக்கும் முறையில் அவற்றைச் செய்தார். வெள்ளையாக வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மீதி கறுப்பாகப் பதியும். தவறாக வெட்டினால் திருத்த வழியில்லை. அதனால் வேண்டாததை எல்லாம் மனதிலேயே கழித்துவிட்டுத்தான் உளியைத் தொட வேண்டும். கறுப்பும் வெள்ளையும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தப் படங்களைப் பார்த்துப் பல தலைமுறை வங்காளக் குழந்தைகள் எழுத்தறிந்தார்கள். கறுப்பு மரத்தைப் பார்த்த குழந்தை அதற்குத் தன் ஊர் மரத்தின் பச்சையைத் தானே கொடுத்துக்கொண்டது.

அதே 1930, மார்ச் 12-ம் தேதி காந்திஜி சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். கையில் தடியுடன் நடந்து செல்லும் காந்தியை நந்தலால் லினோவில் செதுக்கினார். கருமையான பின்னணியில் வெள்ளைக் கோடுகள்; அவ்வளவுதான். பின்னால் கூட்டம் இல்லை, கடல் இல்லை, வானம் இல்லை. ஆனாலும் அந்த நடையின் உறுதியைக் காணத் தவறியவர் இல்லை. காந்திஜியின் எண்ணற்ற சித்திரங்களில் மிகப் பிரசித்தமானவற்றில் ஒன்றாக இன்றும் அது விளங்குகிறது. அதே விஷயத்தை எண்ணெய் வர்ணத்தில் பெரிதாகத் தீட்டியிருந்தால் ஒரு மாளிகைச் சுவரில் தொங்கியிருக்கும். இதுவோ அச்சுக்கென்றே பிறந்த படம். பிரதி பிரதியாக எடுக்கலாம்.

மறுபடியும் வண்ணம்

அப்படியானால் நந்தலால் வண்ணத்தை விட்டுவிட்டாரா? இல்லை. 1938-ல் குஜராத்தில் ஹரிபுராவில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. காந்திஜியின் விருப்பப்படி பந்தல் அலங்காரத்தை நந்தலால் ஏற்றார். கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வரும் இடம், நடந்துகொண்டே பார்ப்பார்கள். அங்கே மெல்லிய கோட்டுப் படம் எடுபடாது. ஆகவே, மண் வண்ணங்களைக் கொண்டு, கையால் செய்த காகிதத்தில், தடித்த தூரிகையால் வேகமாக எண்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தீட்டினார். மாணவர்கள் பிரதிகள் எடுத்துச் சேர்த்தார்கள். மேளம் கொட்டுபவர், தச்சர், செருப்புத் தைப்பவர், குழந்தையுடன் தாய் என்று அங்கே வந்தவர்கள் தங்களையே அந்தப் படங்களில் பார்த்தார்கள். காவியும் மஞ்சளும் நீலமும் கண்ணைப் பறித்தன. ஆனால் உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு வண்ணத்தையும் பிடித்து நிறுத்துவது சுழித்து ஓடும் ஒரு கோடு!

பிறகு வந்தது அரசியல் சாசனம். பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கைப்பட எழுதிய மூலப் பிரதியின் 22 பாகங்களுக்கும் முகப்புச் சித்திரம் அமைக்கும் பொறுப்பு நந்தலாலுக்கும் அவர் மாணவர்களுக்கும் கிடைத்தது. மொகஞ்சதாரோ முத்திரையில் தொடங்கி, ராமாயணக் காட்சி, கீதோபதேசம், புத்தர், அக்பர், காந்திஜி என்று தேசத்தின் சரித்திரம் அதில் வருகிறது. நம் நடராஜரும் மாமல்லபுரத்துச் சிற்பமும் அவற்றில் உண்டு என்பது நமக்குப் பெருமை. படிக்க வேண்டிய எழுத்தை அமுக்கிவிடக்கூடாது என்ற அடக்கம் அந்தப் படங்களில் தெரிகிறது. 1950 ஜனவரி 24-ம் தேதி அங்கத்தினர்கள் கையெழுத்திட்டது இந்தப் பிரதியில்தான்.

கடைசிக் காலம்

1954-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. ஓய்வுக் காலத்தில் அவர் பெரும்பாலும் கறுப்பு மைக்கே திரும்பினார். அட்டைகளிலும் கார்டுகளிலும் ஒரு மரம், ஒரு ஆடு, வழிப்போக்கர் ஒருவர் என்று சில கோடுகளில் எழுதிக்கொண்டே இருந்தார். 1966 ஏப்ரல் 16-ல் 83-வது வயதில் காலமானார்.

அவரிடம் கலாபவனத்தில் படித்தவர்களில் சத்யஜித் ராயும் ஒருவர். திரைப்படத்துக்கு வருமுன் ராய் புத்தகங்களுக்குப் படம் வரைந்தார். பதேர் பாஞ்சாலியின் சிறுவர் பதிப்புக்குக் கறுப்பு வெள்ளையில் அவர் வரைந்ததிலிருந்து 1955-ல் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படம் வரை, குருவின் பயிற்சி தொடர்ந்தது என்று சொல்லலாம்.

ரவிவர்மா, நந்தலால் இருவரின் படைப்புகளையுமே தேசத்தின் கலைச் செல்வங்களாக அரசு பிற்பாடு அறிவித்தது. அவை நாட்டை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. வண்ணத்துக்கும் கோட்டுக்கும் நடுவே சண்டை எதற்கு என்று அரசே தீர்ப்பளித்தது போல இருக்கிறது! நந்தலால் ஒவ்வொரு தடவையும், படம் யாருக்கு, எங்கே, எத்தனை பேருக்கு என்று பார்த்து அதற்கேற்றதை எடுத்துக்கொண்டார். திருவிழாக் கூட்டத்துக்கு வண்ணம். எழுத்தறியும் குழந்தைக்குக் கோடு. இரண்டிலும் கை ஒன்றே.

தில்லியில் இந்தியா கேட் அருகே உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய படைப்புகள் ஆறாயிரத்துக்கும் மேல் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அங்கே போகும் அன்பர்கள் குழந்தைகளையும் அழைத்துப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அவர்கள் கையில் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். கலர்ப் பெட்டியை மறுநாள் கொடுக்கலாம்.