காண்ட் மறக்காத ஆறு

புரொஃபஷனல் எதிக்ஸ் பேப்பருக்காக இம்மானுவேல் காண்ட் பேரை நீங்க கண்டிப்பா படிச்சிருப்பீங்க. கடமை, பகுத்தறிவு, ரெண்டு மார்க், அடுத்த கேள்வி. ஆனா அவருடைய கடைசி சில வருஷங்கள் எந்த சிலபஸிலும் வராது. எனக்கு அவர் தத்துவத்தைவிட அதுதான் மனசுல நிக்குது.

1724-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ரஷ்யாவின் கலினின்கிராட். அப்பா குதிரைச் சேணத்துக்கு வார் தைக்கிற தொழிலாளி. காண்ட் அந்த வட்டாரத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் நாற்பது வருஷம் உலகப் புவியியல் நடத்தினார்! காலையில் 5 மணிக்கு எழுந்திரிக்கிறது, மதியம் நண்பர்களோடு சாப்பாடு, அப்புறம் நடை. எல்லாமே கடிகாரக் கணக்கு.

1796-இல் வகுப்பு எடுப்பதை நிறுத்தினார். அதற்குப் பிறகு மறதி மெதுவா வந்தது. ஒரே கதையை ஒரே நாளில் ரெண்டு மூணு தடவை சொன்னார். ஞாபகத்துக்காகத் துண்டுச் சீட்டுகளில் எழுதி வைத்தார், அந்தச் சீட்டுகளே குழம்பிப்போயின. ஆனா சின்ன வயசில் படிச்ச வர்ஜிலின் லத்தீன் வரிகளை மட்டும் நீளமா ஒப்பிப்பார். நம்ம பாஷையில் சொன்னா, புதுசா எதுவும் சேவ் ஆகலை, பழைய ஃபைல் எல்லாம் அப்படியே இருந்தது.

அவரைக் கவனித்துக்கொண்டவர் வாசியான்ஸ்கி என்ற பாதிரியார், பழைய மாணவர். பேச்சு எட்டாமல் போன நாட்களில் அவர் புவியியல், வேதியியல் பக்கம் ஒரு கேள்வி போடுவார். காண்ட் தெளிவா பதில் சொல்வார். காபி உடம்புக்கு ஆகாது என்று பல வருஷம் ஒதுக்கியவர், வயசான பிறகு சாப்பாடு முடிந்ததும் உடனே காபி வேணும் என்று அடம்பிடித்தார். அதனால் பொடி அரைத்து, தண்ணீர் கொதிக்க வைத்து, அவர் கேட்ட நொடியே கலக்கத் தயாரா இருப்பாங்க. வசந்த காலத்தில் ஜன்னலுக்கு வெளியே பாடும் ஒரு குருவி வரத் தாமதமானால் ஏங்கிப்போவார்.

ஒரு நாள் வாசியான்ஸ்கி அவரை ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீட்டுக்கு வண்டியில் கூட்டிப்போனார். உயரமான மரங்கள், கீழே ஓடை. அதைப் பார்த்ததும் ஆல்லே ஆற்றங்கரை திரும்பி வந்துவிட்டது. இளம் வயதில் அங்கே ஒரு தோட்ட வீட்டில் காபியும் புகைக்குழாயுமா, ஒரு தளபதி நண்பரோடு பேசிக் கழித்த காலைகளை வர்ணிக்க ஆரம்பித்தார். நேற்று நடந்தது நினைவில்லாத மனுஷர்!

இதற்கு இப்போ ரெமினிசென்ஸ் தெரபி என்று பேர். பழைய போட்டோ, பாட்டு, சமையல் வாசனை, தொட்டுப் பழகிய பொருள் எல்லாம் கொடுத்துப் பேச வைக்கிறாங்க. 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முதியவர்கள் பழசைப் பேசுவது வெறும் உளறல் இல்லை என்று எழுதினார். அதற்குப் பிறகு மருத்துவம் இதைக் கூர்ந்து கவனித்தது. நோய் இதனால் குணமாகாது, பலனும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனா அந்த அரை மணி நேரம் அவங்க நம்மோடு இருப்பாங்க. உங்க வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அதே கதையை நாலாவது தடவை ஆரம்பிச்சா, ஏற்கெனவே சொன்னதுதான் என்று வெட்டாதீங்க. அந்தக் கதைக்குள்ளேயே ஒரு கேள்வி கேளுங்க. அப்போ மழையா, என்ன சாப்பிட்டீங்க, யார் கூட வந்தாங்க?

1804 பிப்ரவரி. டாக்டர் வீட்டுக்கு வந்தார். காண்டுக்குப் பேச்சு தெளிவா வரலை, கால் தள்ளாடுது, ஆனாலும் உட்கார மாட்டேன் என்கிறார். டாக்டருக்கு ஒண்ணும் புரியலை. வாசியான்ஸ்கிக்குப் புரிந்தது: விருந்தாளி உட்காராமல் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. டாக்டர் நாற்காலியில் அமர்ந்த பிறகுதான் காண்ட் உட்கார்ந்தார். சில நாட்களில், 12-ஆம் தேதி, இறந்துபோனார்.