லூத்தரும் சங்கீதங்களின் நீதியும்

மார்ட்டின் லூத்தரைத் திருச்சபைச் சீர்திருத்தத்தின் தலைவரென்று யாவரும் அறிவர். வகுப்பறையில் சங்கீதம் போதித்த உபாத்தியாயராக அவரை அறிந்தோர் சிலரே. அந்த லூத்தரைப் பற்றியே ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தோம்.

அவர் 1483-ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்து ஐஸ்லேபனில் பிறந்தார். சுரங்கத் தொழில் செய்த தந்தையார், மகன் சட்டம் பயின்று மேன்மையடைய விரும்பினார். ஆனால் 1505-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்டாட்டர்ன்ஹைம் என்னும் சிற்றூரருகே வழிநடந்த இளைஞரை இடிமின்னல் கலங்கடித்தது. இடிமுழக்கத்தைக் கர்த்தரின் சத்தமாகவே பாடும் 29-ஆம் சங்கீதம் நமக்கு இனிய கவிதை. அவருக்கோ அவ்வல்லமை மரணபயமாக வந்தது. துறவு பூணுவதாக அங்கேயே பொருத்தனை செய்து, இரு வாரங்களில் எர்பர்ட் நகரத்து அகஸ்தீனியர் மடத்திற் சேர்ந்தார்.

மடத்திலே சங்கீதங்களை முறைப்படி ஓதுவது நித்திய கடமை. ஓதுந்தோறும் ஒரு சொல் அவரை முள்ளாய்த் தைத்தது. 31-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில், பாடுகிறவன் கடவுளின் நீதியை முன்னிட்டே தன்னை விடுவிக்கும்படி வேண்டுகிறான். நீதியாவது பாவியைத் தண்டிப்பது என்றே லூத்தர் கற்றிருந்தார். குற்றவாளி, நியாயாதிபதியின் இரக்கத்தை நாடுவான். அவருடைய நீதியை நாடுவானோ? நோன்பும் பாவசங்கீர்த்தனமும் இவ்வினாவைத் தீர்க்கவில்லை.

1512-இல் வேதசாஸ்திர பண்டிதர் பட்டம் பெற்று, 1513 முதல் 1515 வரை விட்டன்பெர்க் சர்வகலாசாலையில் சங்கீதங்களை விரித்துரைத்தார். மாணாக்கர் குறிப்பெழுதுவதற்கென்றே வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் இடம் விட்டு மூலபாடத்தை அச்சிடுவித்தார். (இவ்வழக்கத்தை நம் பாடநூல் பதிப்பாளரும் கைக்கொண்டால் நன்று!) பின்னர் ரோமர் நிருபத்தை ஆராயுங்கால், கடவுளின் நீதி மனிதனைத் தீர்க்கும் வாள் மாத்திரமன்று, விசுவாசிக்கிறவனை நீதிமானாக்கும் ஈவு என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. அஃது எவ்வாண்டில் நிகழ்ந்ததென்பதில் ஆராய்ச்சியாளர் உடன்படுவதில்லை. எபிரெயச் சொல்லிலும் இதற்கு இடமுண்டு. 98-ஆம் சங்கீதம் கர்த்தரின் இரட்சிப்பையும் நீதியையும் இணையடிகளாக நிறுத்துகிறது. 72-ஆம் சங்கீதத்திலோ அரசனுடைய நீதி, எளியவனை ஒடுக்குவோன் கையினின்று மீட்பதே. 1524-இல் சங்கீதங்கள் முழுவதையும் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். உழவனும் அவற்றைத் தன் மொழியிற் படிக்கலாயினான்.

இங்கேதான் நம் மனம் நோகின்றது. 1525-இல் உழவர் வேதவாக்கியங்களை ஆதாரங்காட்டிப் பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்தனர். லூத்தர் முதலில் பிரபுக்களின் கொடுமையையும் கடிந்தார். கலகம் மூண்டபின்போ, உழவரை இரக்கமின்றி வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களை ஏவி எழுதினார். ஆயிரமாயிரவர் மாண்டனர். 1543-இல், எந்த ஜாதியார் இச்சங்கீதங்களை உலகுக்கு ஈந்தனரோ அந்த யூதரின் ஜெபாலயங்களை எரிக்கும்படியும் எழுதினார். எளியவனுக்காக எழும்பும் நீதியைத் தம் ஆத்துமாவுக்கென்று கண்டவர், அதை அயலானுக்கு அளக்கத் தவறினார். அவர் மேலுள்ள பக்தியினால் இதனை மறைப்பது முறையன்றென்று எண்ணுகிறோம்.

1546-ஆம் ஆண்டு பெப்ருவரி 18-ஆம் தேதி, பிறந்த ஊராகிய ஐஸ்லேபனிலேயே லூத்தர் உயிர்நீத்தார். அவ்விரவில் தம் ஆவியைக் கடவுளின் கையில் ஒப்புவித்து அவர் திரும்பத்திரும்ப ஓதிய வாக்கியம், இளமையில் அவரை அச்சுறுத்திய அதே 31-ஆம் சங்கீதத்தினுடையது.